நீ கேட்காத மொட்டை

பாப்பா,

போன சனிக்கிழமை போனில் நீ "சரிப்பா" என்று சொல்லிவிட்டு வைத்துவிட்டாய். சண்டை போட்டிருந்தால் நான் நிம்மதியாக இருந்திருப்பேன். "உங்களுக்கு வேற வேலையே இல்லையாப்பா" என்று கத்தியிருந்தால்கூட, கல்யாண டென்ஷன், தானாக ஆறிவிடும் என்று விட்டிருப்பேன். அந்தச் "சரிப்பா" எனக்கு ஏற்கெனவே பழக்கமானது. இருபது வருஷத்துக்கு முன்னால் ஏர்போர்ட்டில் வாயைத் திறக்காமல் தலையை மட்டும் ஆட்டினாயே, அதே சரிதான் இது. சனிக்கிழமையிலிருந்து எனக்கு ஒரு வேலையும் ஓடவில்லை. விசா முடிகிறது, ஷார்ஜா வீட்டைக் காலி செய்ய வேண்டும், ஹால் முழுக்க அட்டைப்பெட்டிகள் பாதி நிரம்பிக் கிடக்கின்றன. நான் டேப்பைக் கையில் வைத்துக்கொண்டு சோபாவில் உட்கார்ந்திருக்கிறேன். உன் அம்மா இரண்டு தடவை எட்டிப் பார்த்துவிட்டுப் போய்விட்டாள்.

நீ தமிழை எழுத்துக் கூட்டித்தான் படிப்பாய் என்று தெரியும். பள்ளிக்கூடத்தில் உனக்குப் பிரெஞ்சு எடுத்துக் கொடுத்ததே நான்தான். மார்க் அள்ளலாம் என்று யாரோ சொன்னார்கள். பரவாயில்லை, மெதுவாகப் படி. முடியாவிட்டால் பிரவீணை வாசித்துக் காட்டச் சொல். கட்டிக்கொள்ளப் போகிறவனுக்கு மாமனாரின் லட்சணம் முன்கூட்டியே தெரிவதும் நல்லதுதான். வேறு யார் படித்தாலும் எனக்குக் கவலை இல்லை. மூடி மூடி வைத்துக் களைத்துப்போய்விட்டேன். போனிலேயே சொல்லலாமே என்பாய். போனில் நான் பேசிய அழகைத்தான் கேட்டாயே. "கல்யாணத்துக்கு அம்மா கையால பின்னிக்கணும்னு ஆசையா இருக்குப்பா, அம்மா மாட்டேங்கிறா, நான் என்ன செய்யட்டும்" என்று கேட்டாய். அதற்கு நான், "ஒரு நாள் கூத்துதானேம்மா, பார்லர்ல போய் ஸ்ட்ரெயிட் பண்ணிக்கோயேன், அத்தையும் அதான் சொல்றா" என்றேன். முப்பது வருஷமாக ஏசி ரிப்பேர் பார்க்கிறவன். லீக் எங்கே என்று தெரிந்துகொண்டே மேலே டேப்பை ஒட்டிவிட்டு வந்திருக்கிறேன்.

உன் அம்மா ஏன் மாட்டேன் என்றாள் என்பது நம் இரண்டு பேருக்கும் தெரியும். அவளுக்குத்தான் தெரியாமல் இருந்தது. உனக்கு அந்த முடி பிடிக்காது, ஆறு வயதிலேயே வேண்டாம் என்று நீயே மொட்டை கேட்டவள், இப்போது யாரோ போட்ட வீடியோவைப் பார்த்துவிட்டு ஆசைப்படுகிறாய் என்று அவள் நினைத்துக்கொண்டிருந்தாள். அப்படி நினைக்க வைத்தவன் நான். இத்தனை வருஷமாக உண்மையை அவளிடம் சொல்லாமல் இருந்தவள் நீ. உன்னிடம் ஒரு தடவைகூட நான் "சொல்லாதே" என்று சொன்னதில்லை. சொல்லத் தேவையே இல்லாதபடி நீ வளர்ந்துவிட்டாய், அதுதான் எனக்குத் தாங்கவில்லை.

முதலிலிருந்து சொல்கிறேன், உனக்குத் தெரிந்த கதையானாலும். துபாய் தேராவில் ஒரு ஹோட்டலின் லாண்டரியில் ஏசி படுத்துவிட்டது என்று கூப்பிட்டார்கள். போனால் உள்ளே அடுப்படி மாதிரிக் கொதிக்கிறது. இஸ்திரி போடும் பெண்களுக்கு நடுவில் ஒருத்தி தலை நிறையப் பின்னல் பின்னி, அதை மேலே கூட்டிக் கட்டி நிமிர்ந்து நின்றுகொண்டு, "பாய், ஜல்தி" என்று என்னை விரட்டினாள். கென்யாவில் கிசுமு என்கிற ஊர், பெயர் மெர்சி. ஊரில் என் அக்காவிடம், உன் அத்தையிடம்தான், போனில் மெர்சி என்று ஒரு பெண் என்று ஆரம்பித்தபோது அவள், "திருநெல்வேலிப் பக்கமால? எந்தச் சர்ச்சு?" என்றாள். கிறிஸ்தவப் பெண் என்பதை மட்டும் எப்படியோ ஜீரணித்துக்கொள்ளத் தயாரானாள். போட்டோ போன பிறகு ஏழு வருஷம் யாரும் என்னோடு பேசவில்லை. என் ரூமில் இருந்த பையன்கள்தான் சாட்சிக் கையெழுத்துப் போட்டு, பிரியாணி வாங்கி வந்து எங்களுக்குக் கல்யாணம் செய்துவைத்தார்கள். நான் அவளிடம் பேசிப் பேசித்தான் அவள் தமிழ் கற்றுக்கொண்டாள். அதனால் அவளுக்குத் தெரிந்ததெல்லாம் "நீ", "வா", "போ"தான். பின்னாளில் அத்தையின் வீட்டுக்காரரைப் பார்த்து முதல் வார்த்தையாக "நீ சாப்பிட்டியா?" என்று கேட்டுவிட்டாள். அந்த மனுஷன் இன்னும் அதைச் சொல்லிச் சிரிக்கிறார்.

நீ பிறந்தபோது உன் தலையில் பூனைமுடிதான் இருந்தது. ஆறு மாதத்தில் அது சுருள ஆரம்பித்தது. ஒரு வயதில் உன் தலையில் கையை வைத்தால் கை அமுங்கி உள்ளே போய்த் திரும்ப மேலே வரும். எனக்கு அது ரொம்பப் பிடிக்கும், டியூட்டி முடித்து வந்ததும் முதலில் அதைத்தான் செய்வேன். ஆனால் லிஃப்டில், கடையில், பார்க்கில், ஊர் பேர் தெரியாதவர்களெல்லாம் கேட்காமலேயே உன் தலையைத் தொட்டுப் பார்ப்பார்கள். நம்மூர்க்காரர்கள் என்றால் தொட்டுவிட்டு என் முகத்தைப் பார்ப்பார்கள். பாவம், பெண் பிள்ளை என்று ஒரு பார்வை. கம்பெனியில் கூட வேலை செய்கிற தமிழ்க் குடும்பங்கள் வீட்டுக்கு வரும்போது உனக்குத் தொப்பி மாட்டிவிட்டிருக்கிறேன். ஏசி குளிருகிறது என்று உன் அம்மாவிடம் காரணம் சொன்னேன். அப்போதே அவள் கண்டுபிடித்திருப்பாளோ என்னவோ, ஒன்றும் கேட்டதில்லை.

நம் ஊரில் பெண்கள் வெள்ளிக்கிழமை தலைக்குக் குளிப்பார்கள். நம் வீட்டிலும் அப்போது லீவு வெள்ளிக்கிழமைதான் என்பதால் அதே கிழமை. ஆனால் சீயக்காயும் அவசரமும் கிடையாது. காலையில் ஆரம்பித்தால் மத்தியானச் சாப்பாடு தாண்டிவிடும். அதில் எனக்கு ஒரே ஒரு வேலைதான் கொடுக்கப்பட்டிருந்தது. கோடையில் மொட்டைமாடி டேங்க் வெயிலில் காய்ந்து, குளிர்ந்த தண்ணீர்க் குழாயிலேயே வெந்நீர் வரும். அதனால் விடிந்ததும் எழுந்து இரண்டு வாளி நிறையத் தண்ணீர் பிடித்து ஏசிக்கு அடியில் ஆற வைக்க வேண்டும். பத்து மணிக்கு உன் அம்மா விரலை விட்டுப் பார்த்து, "ம், குட்" என்பாள். அப்புறம் நீ அவள் இரண்டு முழங்காலுக்கும் நடுவில் தரையில் தலையணை போட்டு உட்காருவாய். தலையை நாலு பாகமாகப் பிரித்து மூன்றைக் கிளிப் போட்டு ஒதுக்கிவைத்து, ஒன்றை மட்டும் நனைத்து, கண்டிஷனரை வழிய வழியத் தடவி, முதலில் விரலாலேயே சிக்கெடுப்பாள். அப்புறம்தான் அகலப் பல் சீப்பு, அதுவும் நுனியிலிருந்து. ஒரு இணுக்கு, இன்னொரு இணுக்கு என்று மேலே ஏறி வேருக்கு வருவாள். காய்ந்த தலையில் சீப்பு வைக்கவே மாட்டாள். முடித்ததும் தேராவில் நைஃப் பக்கம் ஆப்பிரிக்கக் கடையிலிருந்து வாங்கி வந்த ஷியா வெண்ணெயை உள்ளங்கையில் உருக்கித் தடவுவாள். ராத்திரிக்குச் சாட்டின் துணி கட்டிவிடுவாள், பருத்தித் தலையணை ஈரத்தைக் குடித்துவிடும் என்று. காற்றை உலர்த்துவதே என் தொழில், அதன் கேடு எனக்கும் தெரியும். அதனால் உன் ரூமில் மட்டும் ஏசியைக் குறைத்து வைத்தேன். அந்த வீட்டில் உன் முடிக்காக நான் உருப்படியாகச் செய்தது அது ஒன்றுதான்.

ஒரு தடவை அவளுக்குக் காலை ஷிப்ட். உன்னைப் பள்ளிக்கூடத்துக்குக் கிளப்பும் வேலை என் தலையில் விழுந்தது. எண்ணெய் வைத்து ரெட்டைச் சடை போட்டு ரிப்பன் கட்டி வரவேண்டும் என்று டைரியில் எழுதி அனுப்பியிருந்தார்கள். நான் என்ன செய்தேன், நம்மூர் நெருக்கப்பல் சீப்பை எடுத்து, காய்ந்த தலையில், உச்சியிலிருந்து கீழே இழுத்தேன். இரண்டு பல் ஒடிந்து உன் முடியிலேயே மாட்டிக்கொண்டது. நீ கத்தினாய், நான் அதட்டினேன். சாயங்காலம் உன் அம்மா அந்தச் சீப்புப் பல்லை எடுத்து என் உள்ளங்கையில் வைத்து, "முடி மேல கோவப்படாதே. அது என் அம்மா முடி, என் முடி. நீ மெதுவா போனா அது வரும்" என்றாள். அதைக் கேட்டும் நான் திருந்தவில்லை. இந்த முடியால் உனக்கு வாழ்க்கை முழுக்கத் தொல்லைதான் என்று உள்ளுக்குள் முடிவே கட்டிவிட்டேன். உன் தலையில் கஷ்டம் ஒன்றும் இருக்கவில்லை. எனக்குப் பொறுமை இல்லை, அவ்வளவுதான்.

உனக்கு ஆறு வயது நடக்கும்போது அக்காவிடமிருந்து போன் வந்தது. கோயில் கொடைத் திருவிழா வருகிறது, பிள்ளையைக் கூட்டிக்கொண்டு வா என்றாள். அன்றைக்கு நான் இருந்த சந்தோஷத்தை உன்னிடம் மறைக்க விரும்பவில்லை. ஏழு வருஷம் கழித்துச் சொந்த அக்கா "வாலே" என்று கூப்பிடுகிறாள். பாத்ரூமில் போய் அழுதேன். அம்மாவுக்கு லீவு கிடைக்கவில்லை, ஹோட்டலில் சீசன். "ரெண்டு பேரும் போங்க, நான் அடுத்த வாட்டி வரேன்" என்றாள். போவதற்கு முன்னால் இரண்டு நாள் உட்கார்ந்து உனக்குப் பின்னினாள். தலையோடு ஒட்டி வரிவரியாக, பின்னாடி தோள்வரை தொங்கும்படி, ஒவ்வொன்றின் நுனியிலும் நீலமும் வெள்ளையுமாக மணி. நீ நடந்தால் கலகலவென்று சத்தம் வரும். "என் பொண்ணை உன் ஊர் பாக்கட்டும்" என்றாள். முதல் தடவையாக மாமியார் வீட்டுக்கு அவள் அனுப்பி வைத்தது அந்தத் தலையைத்தான்.

அக்கா உன்னைத் தூக்கி முத்தம் கொடுத்தாள், அதையும் சொல்ல வேண்டும். கெட்டவள் கிடையாது. மணிகளைத் தொட்டுப் பார்த்து "அழகாத்தாம்ல இருக்கு" என்றாள். மறுநாளே, "ஏல, பொறந்த முடியை இன்னும் சாமிக்கு எறக்காம வச்சிருக்கியே. அதாம் இப்பிடிச் சுருண்டு கெடக்கு. மொட்டையப் போடு, நேரா வளரும். பொம்பளப் பிள்ளைல்லா, நாளைக்கு ஒருத்தன் கைல பிடிச்சுக் குடுக்கணுமே" என்றாள். சுற்றி இருந்தவர்கள் எல்லாரும் ஆமாம் ஆமாம் என்றார்கள். மழித்தால் முடி நேராக வளரும் என்று நானும்தான் நம்பினேன், ஐடிஐ படித்தவன். அந்தக் கூட்டத்துக்குள் மறுபடி என்னைச் சேர்த்துக்கொண்டார்களே என்கிற மயக்கத்தில் எனக்கு வேறு எதுவும் தெரியவில்லை. வாசலில் டெலிபோன் பூத் இருந்தது. உன் அம்மாவிடம் ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். கேட்டால் வேண்டாம் என்பாள் என்று தெரியும், அதனால்தான் கேட்கவில்லை.

தாய்மாமன் மடியில் உட்கார வைத்து எடுக்க வேண்டும் என்பது முறை. உன் தாய்மாமன் கிசுமுவில் பஸ் ஓட்டிக்கொண்டிருந்தார். அதனால் அத்தையின் வீட்டுக்காரர் உட்கார்ந்தார். நாவிதர் உன் தலையைப் பார்த்துவிட்டு, "அண்ணாச்சி, இதுல கத்தி எறங்காது, மொதல்ல கத்தரி போடணும்" என்றார். ஒவ்வொரு பின்னலாக வெட்டினார். மணிகள் சிதறிக் கோயில் மணலில் ஓடின, பிள்ளைகள் பொறுக்கிக்கொண்டு ஓடினார்கள். நீ முதலில் ஒன்றும் புரியாமல் என்னையே பார்த்தாய். மூன்றாவது பின்னல் மடியில் விழுந்ததும் "மம்மி, மம்மி" என்று கத்த ஆரம்பித்தாய். கொட்டுச் சத்தத்தையும் மீறி அது கேட்டது. நான் உன் கையைப் பிடித்துக்கொண்டு, "முடிஞ்சுது, முடிஞ்சுது" என்று சொல்லிக்கொண்டே இருந்தேன். அப்புறம் சந்தனம் பூசினார்கள், அத்தை உனக்குப் புதுப் பாவாடை கட்டினாள், படையல் சாப்பாடு போட்டார்கள். நான் காலடியில் கிடந்த நாலைந்து மணிகளை எடுத்துச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டேன், ஏன் என்று தெரியவில்லை.

ஏர்போர்ட்டில் நடந்தது உனக்கு நினைவிருக்கிறது, எனக்குத் தெரியும். உன் அம்மா கம்பியைப் பிடித்துக்கொண்டு காத்திருந்தாள். நீ தொப்பி போட்டிருந்தாய். தூக்கி முத்தம் கொடுக்கும்போது தொப்பி நழுவியது. அவள் உன் தலையில் கையை வைத்துக்கொண்டு அப்படியே நின்றாள். அந்த முகத்தைப் பார்த்த மாத்திரத்தில் எனக்குப் பயம் பிடித்துக்கொண்டது. யோசித்துச் செய்த பொய் கூட இல்லை, வாயில் வந்துவிட்டது. "அவளேதான் கேட்டா மெர்சி. இந்த முடி அவளுக்கு வேண்டாமாம்" என்றேன். உன் அம்மா தரையில் குந்தி உன் கண்ணுக்கு நேராகப் பார்த்து, "யூ ஆஸ்க்டு?" என்றாள். நீ என்னைப் பார்த்தாய். நான் பார்வையைத் திருப்பிக்கொள்ளவில்லை, அது இன்னும் மோசம், கெஞ்சினேன். நீ தலையை ஆட்டினாய். ஆறு வயதுப் பிள்ளை அப்பனைக் காப்பாற்றினாய். காரில் பின்சீட்டில் நீ அவள் கையைத் தேடினாய், அவள் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டிருந்தாள்.

முடி வளர்ந்தது. நேராகவா வளரும், பழையபடியே சுருண்டு சுருண்டு அழகாக வந்தது. ஆனால் உன் அம்மா பின்னவில்லை. "அவளுக்குப் பிடிக்கல, விடு" என்று மாதம் ஒரு முறை சலூனுக்கு அனுப்பி ஆம்பளைப் பையன் மாதிரி ஒட்ட வெட்டிவிட்டாள். சீப்பு, கிளிப், மணி எல்லாவற்றையும் ஒரு ஐஸ்கிரீம் டப்பாவில் போட்டு அலமாரியின் மேல்தட்டில் ஏற்றிவிட்டாள். வெள்ளிக்கிழமைக் காலைகள் காலியாகிவிட்டன. நான் பழக்கத்தில் விடிந்ததும் எழுந்துவிடுவேன், பிடித்து வைக்க வாளி இருக்காது. பதினொரு வயதில் க்ளாஸ் பிள்ளைகளைப் பார்த்து நீ ஸ்ட்ரெயிட் பண்ணக் கேட்டபோது அவள் ஒரு வார்த்தை மறுத்துச் சொல்லவில்லை. அந்த மருந்தில் உன் காதுக்குப் பின்னால் வெந்து புண்ணானது. நீ குப்புறப் படுத்து முனகிக்கொண்டிருந்தாய், அவள் களிம்பு போட்டுவிட்டாள். அப்போது சொல்லியிருக்கலாம். "மெர்சி, அவள் கேட்கவில்லை, உன் முடியை அவள் வெறுக்கவில்லை" என்று ஒரே வரி. நான் பக்கத்து ரூமில் டிவி பார்த்துக்கொண்டிருந்தேன். பெற்ற பெண்ணுக்கே தன் தலை வேண்டாம் என்று எண்ணிக்கொண்டு அவளும் தன் முடியை மறைத்து விக் வைக்க ஆரம்பித்தாள். நீ எட்டு வாரத்துக்கு ஒரு முறை பார்லருக்குப் போனாய். என் ஒரு பொய்யால் பார்லர்காரன்தான் சம்பாதித்தான்.

போன வருஷம், இப்போது இருக்கிற பெங்களூரில், நீ அந்த நேர் முடி எல்லாவற்றையும் வெட்டிப் போட்டுவிட்டு, இரண்டு விரற்கடை சுருள் முடியோடு ஒரு போட்டோ அனுப்பினாய். அந்த ஒரு வயதுத் தலை அப்படியே திரும்ப வந்திருந்தது. உன் அம்மாவிடம் காட்டினேன். ரொம்ப நேரம் பார்த்தாள், விரலால் பெரிதாக்கிப் பார்த்தாள். "தண்ணி பத்தல முடிக்கு" என்று மட்டும் சொன்னாள். அன்றே எனக்குப் புரிந்திருக்க வேண்டும். தெரியாத வீடியோக்காரர்களிடம் நீ ஒரு வருஷமாகக் கற்றுக்கொண்டிருப்பதையெல்லாம் இந்த வீட்டில் ஒருத்தி விரல் நுனியில் வைத்துக்கொண்டு சும்மா உட்கார்ந்திருக்கிறாள்.

கல்யாணத்துக்குப் போகிற பெண்ணுக்கு அப்பன் புத்தி சொல்ல வேண்டுமாம். என்னிடம் இருக்கும் புத்தி கொஞ்சம்தான், அதுவும் கெட்டுத் தெரிந்துகொண்டது. பிரவீண் நல்ல பையன், ஆனாலும் அவன் சொந்தக்காரர்கள் முன்னால் உனக்காகப் பேச வேண்டிய இடத்தில் அவன் வாயை மூடிக்கொண்டிருந்தால், அதைச் சின்ன விஷயம் என்று விட்டுவிடாதே. நான் அப்படி விட்டுவிட்டுத்தான் இங்கே வந்து நிற்கிறேன். உனக்குப் பிள்ளை பிறந்து அதன் முடி எப்படி வந்தாலும், ஈரத்தில் சீவு, நுனியிலிருந்து சீவு. மொட்டை போடக் கூடாது என்று நான் சொல்லமாட்டேன், சாமி காரியம். ஆனால் பெற்றவளைக் கேட்காமல் போடாதே. யாருக்காகவும் உன் பிள்ளையைத் தலையாட்ட வைக்காதே. இனிமேல் எனக்காக நீ எதற்கும் தலையாட்ட வேண்டாம். அந்த வேலையிலிருந்து உன்னை விடுவிக்கத்தான் இதை எழுதுகிறேன்.

நேற்று முன்தினம் காலையில் சொல்லிவிட்டேன். அவள் அடுப்படியில் பாத்திரங்களைச் செய்தித்தாளில் சுற்றிக்கொண்டிருந்தாள். டூல்பாக்ஸிலிருந்து அந்த நாலைந்து மணிகளை எடுத்து மேடையில் வைத்தேன். இருபது வருஷம் ஸ்குரூவுக்கும் ஃபியூசுக்கும் நடுவில் கிடந்து வெள்ளை மணி பழுப்பாகிவிட்டது. அவளுக்கு உடனே அடையாளம் தெரிந்தது. "பாப்பா மொட்டை கேக்கல மெர்சி. நான்தான் போட்டேன். உன்கிட்ட பொய் சொன்னேன்" என்றேன். அவள் கையில் இருந்த டம்ளரைக் கீழே வைத்தாள். "நீ மறுபடி சொல்லு" என்றாள். மறுபடி சொன்னேன். "வெட்டும்போது அழுதாளா?" என்றாள். அழுதாள் என்றேன். "என்னைக் கூப்பிட்டாளா?" என்றாள். பொய் சொல்ல இன்னொரு வாய்ப்பு அது. "கூப்பிட்டா. மம்மி மம்மின்னு கூப்பிட்டா" என்றேன். அவள் மணிகளை எடுத்துக்கொண்டு ரூமுக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். ரொம்ப நேரம் கழித்து உள்ளேயிருந்து அழுகைச் சத்தம் கேட்டது. இருபத்தேழு வருஷத்தில் அவள் அப்படி அழுது நான் கேட்டதில்லை. கதவுக்கு வெளியே பெட்டிகளுக்கு நடுவில் உட்கார்ந்திருந்தேன். உள்ளே போகும் தைரியம் வரவில்லை.

நேற்று முழுக்க என்னோடு பேசவில்லை. டியூட்டிக்குப் போனாள், வந்தாள், தனக்கு மட்டும் அவள் ஊர் மக்காச்சோளக் களி, உகாலி கிண்டிச் சாப்பிட்டாள். நான் பிரெட்டைத் தின்றுவிட்டுப் படுத்துக்கொண்டேன். மன்னிப்பாளா என்று எனக்குத் தெரியாது, கேட்கவும் இல்லை. இந்த வயதில் அதைக் கேட்டு அவளுக்கு இன்னொரு வேலை வைக்க வேண்டாம் என்று விட்டுவிட்டேன். இன்று காலையில் பார்த்தால் விக் ஸ்டாண்டில் இருக்கிறது. அவள் தன் நரைத்த முடியோடு நாற்காலியில் ஏறி அலமாரியின் மேல்தட்டைத் துழாவிக்கொண்டிருக்கிறாள். ஐஸ்கிரீம் டப்பாவை எடுத்து, தூசி தட்டி, சீப்பைச் சோப்புத் தண்ணீரில் ஊறப் போட்டாள். உடுப்புப் பையிலிருந்து அந்த மணிகளை எடுத்து டப்பாவில் போட்டாள். அப்புறம் என்னைப் பார்க்காமலேயே, "எப்போ வரா?" என்றாள். பெட்டி கட்ட உதவிக்கு இங்கே வருகிறாளே, பத்தாம் தேதி ஃப்ளைட் என்றேன். "எட்டு மணி நேரம் ஆகும். எண்ணெய் வைக்காம வரச் சொல்லு. வந்த அன்னைக்கே உட்காரணும்" என்றாள்.

போய்விட்டாள் என்று நினைத்தேன். கதவருகில் நின்று, "ஆகஸ்ட். டேங்க் தண்ணி சூடு. நீ காலையிலேயே வாளி பிடிச்சு வை" என்றாள்.

பழைய வாளி இரண்டையும் வேண்டாத சாமான் என்று போன வாரம்தான் வாட்ச்மேனிடம் கொடுத்தேன். திருப்பிக் கேட்க வெட்கமாக இருந்தது. கடைக்குப் போய் இரண்டு புது வாளி வாங்கி வந்து கழுவி ஏசிக்கு அடியில் வைத்திருக்கிறேன். நீ வா.

அப்பா